தீவுத்திடலைச் சுற்றி முப்பத்தாறு படங்கள்

சென்னையில் ஒரு தீவு இருக்கிறது என்று சொன்னால் சென்னைக்காரர்களே சிரிப்பார்கள். வருஷா வருஷம் தீவுத்திடலில் பொருட்காட்சிக்குப் போய், டெல்லி அப்பளம் தின்று, ராட்டினம் ஏறித் தலைசுற்றி இறங்குகிறார்களே, அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கூவம் அங்கே இரண்டாகப் பிரிகிறது. திடலை நடுவில் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. எந்தப் பக்கமாகப் போனாலும் ஒரு பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பாலத்தில் ஏறியவுடன் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வதால் கீழே தண்ணீர் இருப்பதே தெரிவதில்லை என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் நான் ஒருத்திதான் இருந்தேன். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டு நட்டு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மயிலாப்பூருக்கு ரயில் இன்னும் வந்து சேரவில்லை. நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு 'ஸ்ரீ' விட்டுப்போனால் என் தலை உருளும், அந்த மாதிரி வேலை. லஸ் முனையிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் தீவைப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் யாருடைய முழங்கையையாவது பார்த்துக்கொண்டு போவேன்.

அச்சக முதலாளி நல்ல மனிதர். குரல் மட்டும் எப்போதும் மெஷின் ஓடுவதற்கு மேலே கேட்கிற அளவில் இருக்கும், மெஷின் நின்றிருந்தாலும். அந்த வருஷம் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர், லாரி உதிரிபாகங்கள் விற்பவர், காலண்டருக்கு சாமி படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமி படம் போட்டால் ஜனங்கள் அதைப் பூஜை அறைக்குள் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்களாம். கடைப் பெயர் யார் கண்ணிலும் படுவதில்லையாம். ஊரில் உள்ள பழைய இடம் ஏதாவது போடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் புரூஃபைக் கீழே வைத்துவிட்டு, தீவைச் சுற்றி ஆறு படம், இரண்டு மாதத்துக்கு ஒரு படம், நானே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. அதில் நான் எடுத்திருந்த படங்களை முதலாளி பார்த்திருந்தார். சரி என்றார், ஆனால் விஜயதசமி முடிந்து மூன்று நாளுக்குள் படம் கையில் வேண்டும் என்றார். அதற்கு மேல் சிவகாசி ஏஜெண்ட் சாமி ஆல்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாராம்.

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர், எதையும் ஒப்பந்தமாக்கிவிடுவார். எனக்கு இருபத்தைந்து ஆகப்போகிறது, ஜாதகத்தை வெளியே எடுத்து ஆறு மாதமாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் சும்மா விடுங்கள், படம் எடுப்பதையே தொழிலாகச் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ எடுத்த படம் காலண்டர்ல அச்சாகி இந்த ஆத்துச் சுவர்ல தொங்கட்டும், ஒரு வருஷம் ஜாதகத்தைக் கையால தொடமாட்டேன். தொங்கலேன்னா தீபாவளிக்கு முன்னாடி மாம்பலத்துக்காரா பொண்ணு பாக்க வருவா. நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம நமஸ்காரம் பண்ணணும்."

ஒத்துக்கொண்டேன். அம்மா கொலுவுக்குச் சுண்டல் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டில் ஆள் வந்து போய்க்கொண்டிருக்கும். எங்கேயும் நகர முடியாது. ஆயுத பூஜை அன்று லீவு. ரோட்டில் வண்டி இருக்காது. முந்தின நாள் தூறிவிட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அதற்காகவே காத்திருந்தேன். விடியற்காலை எழுந்து குளித்து, ஃபிலிம் போட்டுத் தயாராக வைத்திருந்த கேமராவை எடுக்கப் போனால், அலமாரியில் கேமரா இல்லை.

பூஜையில் இருந்தது. ராகு காலத்துக்கு முன்னால் அம்மா எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டாள். கீழே புத்தகங்கள், அதன்மேல் அண்ணன் விட்டுப்போன ஜாமெட்ரி பாக்ஸ், சுருதிப் பெட்டி, கத்தரிக்கோல், பக்கத்தில் அருவாமணை. அருவாமணைக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவில் என் கேமரா, தலையில் ஒரு கொத்து சாமந்தியோடு உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தள்ளினாள். நாளைக்குப் புனர்பூஜை ஆனபிறகுதான் தொடலாமாம், அன்றைக்கு எதைத் தொட்டாலும் அது உருப்படாதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பகல் முழுக்க மொட்டைமாடிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து, வீணாகப்போகிற வெளிச்சத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. அம்மா பூஜையை முடித்து, கேமராவை முந்தானையால் துடைத்து, பைக்குள் போட்டுக் கொடுத்தாள். நான் பேட்டரியைப் பார்த்தேன், ஃபிலிம் நம்பரைப் பார்த்தேன், வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை.

கூவம் கரைக்குப் பெண் தனியாகப் போவதாவது என்று அப்பா கூட வந்தார். ஸ்கூட்டரில் இன்னும் வாழைக்கன்றும் பொட்டும் இருந்தன. கையில் குடை. கடற்கரைச் சாலை வழியாகப் போய், வளைவு வளைவாக இருக்கும் வெள்ளைப் பாலத்தில் இறங்கினோம். நான் கேமராவைக் கண்ணில் வைத்த நிமிஷம் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். பாலத்தைப் படம் எடுக்கக்கூடாதாம். உலகத்தில் உள்ள எல்லோரும் பார்க்கிற பாலம், இரண்டு பக்கமும் பஸ் போகிற பாலம், அதை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். அப்பா அவரிடம் தன் இலாகா, பதவி, ஓய்வு பெற இருக்கும் மாதம் எல்லாவற்றையும் சொன்னார். கால் மணி நேரம் போனது. கடைசியில் பாலத்துக்கு மேலே நின்றுதான் எடுக்கக்கூடாது, கீழே கரையில் இறங்கி எடுத்தால் தான் பார்க்கவில்லை என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சேற்றில் இறங்கினேன். செருப்பில் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.

கீழே ஆறு, கடலுக்கு நூறு அடி முன்னால் மணல்மேடு தடுத்து, போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. நாற்றம் அடித்தது, ஆனாலும் பிடித்திருந்தது. வலை உலர்த்தியிருந்தார்கள், கொக்குகள் வரிசையாக நின்றன, பின்னால் பாலத்தின் வளைவுகள் தண்ணீரில் தலைகீழாக. குனிந்து சரியாக அமைத்துக்கொண்டு அமுக்கும்போது படத்துக்குள் அப்பா குடையோடு நடந்து வந்து நின்றார்.

தெரியாமல் குறுக்கே வந்துவிட்டாரோ என்று விலகச் சொன்னேன். அவர் வேண்டுமென்றேதான் வந்து நின்றிருந்தார். ஆளில்லாத படம் எதற்கு, வெறும் தண்ணீரையும் கல்லையும் காசு கொடுத்துக் கழுவி யார் பார்ப்பார்கள் என்பது அவர் கேள்வி. எங்கள் வீட்டு ஆல்பத்தில் தாஜ்மகால் இருக்கிறது, அதன் வாசலை முழுக்க மறைத்துக்கொண்டு அத்திம்பேர் இருக்கிறார். அப்படிப் பழகிய கண். நான் எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு ஐந்து படத்தில் குடை இருந்தது, இரண்டில் முழுசாக அப்பா இருந்தார்.

அங்கிருந்து வடக்கே கோட்டை மதிலுக்கு. அகழி ஓரம் நின்று இரண்டு எடுப்பதற்குள் ஒரு சிப்பாய் இந்தியில் விரட்டினார். பிறகு திடலின் நடுவில், ரோட்டுக்கு மத்தியில், குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரத் துரை. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க வளையமும் இல்லை. செய்தவன் மறந்துபோய், அந்த வருத்தத்திலேயே செத்துப்போனான் என்று ஊரெல்லாம் சொல்லும் கதையை அப்பா எனக்கு எத்தனையாவது தடவையாகவோ சொன்னார். சொல்லும்போது இரண்டு லாரியும் ஒரு தண்ணி வண்டியும் சிலையை மறைத்துக்கொண்டு போயின. சிலையைப் பார்ப்பதற்கு ரோட்டைக் கடக்கவேண்டும், கடந்தால் சிலையின் முதுகுதான் தெரிகிறது. சூரியனோ நான் எங்கே நின்றாலும் எதிரே வந்து நின்றது.

மத்தியானத்துக்கு மேல் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வந்தோம். அக்கரையிலிருந்து பார்த்தால் தீவின் மரங்கள் வரிசையாக, எந்தக் கட்டடமும் தெரியாமல், நிஜமாகவே ஒரு தீவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. பஸ்ஸிலிருந்து கண்டுபிடித்து வைத்திருந்தேன். அங்கே போக, கரையோரக் குடிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கேமராவைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு மா படம் புடிக்கிற? ஊட்ட இடிக்க ஆள் அனுப்பினாங்களா?"

படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரம் நோட்டீஸோடு வந்த கதையை அவள் சொன்னாள். நான் காலண்டர் என்றேன், தீவு என்றேன், மரத்தை மட்டும்தான் என்றேன். அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் முதுகை இந்தப் பக்கம் காட்டிக்கொண்டு ஆற்றை மட்டும் எடுத்துக்கொள் என்று வழிவிட்டாள். எடுக்கிற வரைக்கும் என் பின்னாலேயே நின்று, நான் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு எடுத்ததிலேயே அந்தப் படம்தான் நன்றாக வரும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

முப்பத்தைந்து ஆயிற்று. கடைசி ஒன்றை எனக்கு விடு என்றார் அப்பா. ஆற்றுக்குத் தெற்கே, உயரமான தூண்களும் அகலமான படிகளும் உள்ள பழைய மண்டபத்துக்குக் கூட்டிப்போய், படியில் என்னை நிறுத்தினார். மாம்பலத்துக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். சிரி என்றார். சிரிக்க முடியாது என்றேன். ஒற்றைக் கால் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அவர் இடது கண்ணை மூடுவதற்குப் பதிலாக வலது கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே தெரியவில்லையே, ஒன்றுமே தெரியவில்லையே என்று கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அமுக்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து லஸ்ஸில் ஸ்டூடியோவிலிருந்து உறையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி அச்சகத்துக்கு ஓடினேன். முதலாளி மேஜைமேல் படங்களைச் சீட்டு போடுவதுபோல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். பரப்பப் பரப்ப அவர் குரல் இறங்கியது. அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

"இன்னாமா இது, எல்லாமே ஊட்டியாட்டம் கீது. கூவத்துல ஏதும்மா பனி?"

எல்லாப் படத்திலும் பனி. பாலத்தின் வளைவு பாலில் தோய்ந்தமாதிரி. துரையின் முகம் கரைந்து குதிரையோடு சேர்ந்துவிட்டது. கோட்டை மதில் எது, வானம் எது என்று தெரியவில்லை. அந்தத் தீவு மரங்கள், நான் நம்பியிருந்த படம், பச்சைக் கறை மாதிரி இருந்தது. அவர் நெகடிவை விளக்கில் காட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து நாற்காலியில் சிவகாசி ஏஜெண்ட் மடியில் ஆல்பத்தோடு மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் ஓரம் போய்க் கேமராவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அது கண் வைக்கிற ஓட்டை ஒரு இடத்திலும் லென்ஸ் வேறு இடத்திலும் இருக்கிற மாதிரிக் கேமரா. லென்ஸில் என்ன இருந்தாலும் எடுப்பவருக்குத் தெரியாது. கண்ணாடிமேல் மெல்லிசாக எண்ணெய்ப் பூச்சு. சுற்றியுள்ள வளையத்தின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது, அதில் ஒரு துணுக்கு சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

வீடு வந்து சேரும்வரை என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள், கூடத்தில் நான் தூக்கி எறிந்த உறையை அப்பா பிரித்துவிட்டார். கடைசிப் படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அந்தப் பனி என் மூக்குமேல் இருந்த பருவை அழித்து, வெயிலில் கறுத்ததை அழித்து, அரிசி மாவு பூசினமாதிரி ஒரு களையைக் கொடுத்திருந்தது. பெரிய ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணப் பெண்ணுக்கென்றே லென்ஸ் கண்ணாடியில் எதையோ தடவி எடுப்பார்களே, அதேதான். அப்பா பூரித்துப்போனார். அன்று சாயங்காலமே அதில் இன்னும் நாலு பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிட்டார்.

முப்பத்தைந்து படம் பாழ், இந்த ஒன்று மட்டும் ஜோர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் போய் யாராவது பொட்டு வைப்பார்களா என்று கத்தினேன். அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அருவாமணைக்கு வெச்சேன், அப்பா ஸ்கூட்டருக்கு வெச்சேன். இதை வெச்சுண்டுதானே நீ தொழில் பண்ணப்போறேன்னே. தொழில் பண்ற சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படிடி? நடுவுல நெத்தி மாதிரி இருந்துது."

உன் மூளைக்கு அவ்வளவுதான் எட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே தப்பு என்று தெரிந்தது, ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். மறுபடி போய் எடுக்கலாம் என்றால் அன்று ராத்திரி பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. உதிரிபாகக் கடைக்காரருக்கு முருகன் படம் போட்ட காலண்டரே அச்சானது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்துக்காரர்கள் வந்தார்கள். நமஸ்காரம் பண்ணினேன், பஜ்ஜி கொடுத்தேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பையனின் அம்மா கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்துப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் உள்ளவள் எங்கே என்று தேடுவதுபோல் ஒரு தடவை உள்ளேயும் எட்டிப் பார்த்தாள். பிறகு பெண் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டு, சும்மா பொழுது போகவில்லை என்று புரூஃப் பார்க்கிறாள், கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாள் என்றார்.

கதவோரம் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த அம்மா, யாரும் கேட்காமல் பேசினாள்.

"இல்லை. அவ போட்டோ எடுக்கறா. அதான் அவ தொழில். கல்யாணம் ஆனாலும் விடமாட்டா."

எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் ஒவ்வொருவராகப் போய்க் காப்பி கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று எழுந்தார்கள். ஏற்கெனவே இரண்டு ஜோசியரிடம் பார்த்துப் பொருந்தியிருந்த ஜாதகம் பொருந்தவில்லை என்று லெட்டர் வந்தது.

அப்பா பத்து நாள் அம்மாவிடம் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் மூலமாகக் கேட்டார். அம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. ஜாதகத்தை எடுத்துத் தன் புடவைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த தீபாவளி வரை அது அங்கேயே இருந்தது. எனக்கு வேண்டியிருந்த ஒரு வருஷம் அப்படித்தான் கிடைத்தது. நான் அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் வாயில் வராது.

அடுத்த ஆயுத பூஜை அன்று காலையில் பூஜை இடத்திலிருந்து கூப்பிட்டாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் என் கேமரா. லென்ஸை ஒரு துணியால் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

"இந்த வாட்டி நெத்தி எதுன்னு நீயே காட்டிடு."

மேல்பக்கத்தைக் காட்டினேன். வைத்தாள், குங்குமமும் வைத்தாள், ஒரு சாமந்தியைச் செருகினாள். வெளியே வானம் போன வருஷம்போலவே கழுவிவிட்டாற்போல் இருந்தது, ரோட்டில் வண்டி இல்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலைவரை நான் கேமராவைத் தொடவில்லை.